வெளுத்த முகங்களும் இரும்பு மருந்தும்

ஒரு நோய்க்கு மருந்து கண்டறியப்படாமையால் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் துன்புற்ற வரலாறுகள் வைத்திய சாஸ்திரத்தில் பல உண்டு. ஆனால் மருந்து கையிலேயே இருந்தும், அதனை எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது, கொடுத்தது தேகத்தில் சேர்ந்ததா, சேர்ந்தது எவ்வழியாகக் கழிந்தது என்னும் கணக்கைப் பார்ப்பாரின்றி, எண்ணற்ற பெண்களும் குழந்தைகளும் வெளுத்த முகத்தோடும் தளர்ந்த நடையோடும் வாழ்ந்து மறைந்த வரலாறு ஒன்று உண்டென்றால், அது இரும்புச்சத்துக் குறைவினால் வரும் சோகை நோயின் வரலாறேயாகும். இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளின் கையில் நர்ஸம்மா எண்ணிக் கொடுக்கும் சத்து மாத்திரைக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கதை, நம்மிற் பெரும்பாலோர் நினைப்பதைவிட நீண்டதும் துயரம் மிகுந்ததுமாகும்.

இரும்பு மருந்தாகும் என்ற அறிவு மிகப் பழையது. கிரேக்கர்களின் புராணக் கதையொன்றில், தெஸ்ஸாலி நாட்டு இளவரசன் இஃபிக்ளஸ் என்பானுடைய பலவீனத்தைப் போக்க மெலாம்பஸ் என்னும் வைத்தியன் பழங்கத்தியொன்றின் துருவைச் சுரண்டி, திராட்சை மதுவிற் கலந்து, பத்து நாள் பருகக் கொடுத்ததாக வருகிறது. நம் நாட்டிலோ இது புராணமாக நிற்காமல் வைத்திய முறையாகவே வளர்ந்தது. சரக சம்ஹிதை சோகையாகிய பாண்டு ரோகத்திற்கென்று தனி அத்தியாயமொன்றை வகுத்து, இரும்புப் பொடி சேர்ந்த நவாயசத்தையும், இரும்பு உருக்குமிடத்திற் கழிந்த கிட்டத்திலிருந்து செய்யும் மண்டூர வடகத்தையும் அதற்கு ஔஷதங்களாக விதித்தது. தமிழ்நாட்டுச் சித்த வைத்தியர்கள் அயச்செந்தூரத்தையும் அன்னபேதிச் செந்தூரத்தையும் சோகைக்குக் கொடுத்தார்கள். கரிசலாங்கண்ணிச் சாற்றை உடன் சேர்த்தார்கள். அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அந்தப் பச்சை நிற உப்பு, இரசாயன நூலார் ஃபெர்ரஸ் சல்ஃபேட் என்று குறிப்பிடும் பொருளேயன்றி வேறன்று. ஆஸ்பத்திரி மாத்திரையில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வருவதும் அதே உப்புத்தான் என்பதை அறியும்போது, இரு மரபுகளும் எவ்வளவு அருகில் நின்றன என்பது விளங்குகிறது. புடமிட்டுச் செந்தூரமாக்கும்போது அது இரும்பின் ஆக்ஸைடாக மாறி, குடலில் எளிதிற் கரையாத தன்மை பெறுகிறது என்பது மட்டுமே இங்கு நினைக்கத்தக்க வேற்றுமை.

ஐரோப்பாவில் இந்நோய் வேறொரு வேடம் பூண்டு வந்தது. பாலட்டினேட் பிரபுக்களின் அரண்மனை வைத்தியராகிய யோஹான்னெஸ் லாங்கே என்னும் ஜெர்மானியர், 1554-ஆம் ஆண்டில் அச்சான தம் வைத்தியக் கடிதத் திரட்டில், நண்பரொருவரின் மகளைப் பற்றி எழுதியிருக்கிறார். முன்பு ரோஜா நிறமாயிருந்த கன்னங்கள் இரத்தமற்று வெளுத்துவிட்டன, படியேறினாலும் நடனமாடினாலும் நெஞ்சு படபடக்கிறது, நெற்றிப் பொட்டில் நாடி துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஆகாரத்தில், அதிலும் மாமிசத்தில், வெறுப்பு, மாலையானால் கணுக்கால் வீக்கம். இன்றைய மருத்துவ மாணவன் பாடமாகப் படிக்கும் அறிகுறிகளை ஒன்று விடாமல் பார்த்த அந்தக் கூர்மையான கண், பரிகாரம் கூறும்போது மட்டும் இடறிவிட்டது. கன்னிப் பெண்களுக்கே உரிய நோய் இது என்று முடிவு செய்து, அவளுக்கு விரைவில் மணம் முடித்துவைக்குமாறு தகப்பனாருக்கு எழுதினார். அந்த அபிப்பிராயத்தின் ஆயுள் மிக நீண்டது. பச்சை நோய் என்று இங்கிலாந்தில் வழங்கிய இவ்வியாதியின் பெயர், ஷேக்ஸ்பியரின் ரோமியோ-ஜூலியட் நாடகத்தில், கலியாணத்திற்கு இசையாத மகளைத் தந்தை கடிந்துகொள்ளும் இடத்தில் வசைச் சொல்லாகவே வருகிறது.

பெண்ணின் முகம் வெளுத்தால் அவள் மனத்தில் ஏக்கம் இருக்கிறதென்று எண்ணி, அவள் தட்டில் என்ன இருக்கிறதென்று பாராமல் விட்ட அந்த மனப்பான்மையைத்தான் இவ்வரலாற்றின் மிகப் பெரிய தடையாக நான் கருதுகிறேன். இந்நோயாளிகள் சுண்ணாம்பையும் களிமண்ணையும் கரியையும் விரும்பித் தின்றதாக அக்காலத்து வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். நம் கிராமங்களில் பிள்ளையுண்டான பெண் அடுப்பு மண்ணையும் திருநீற்றையும் பச்சரிசியையும் வாயில் அள்ளிப் போட்டுக்கொள்வதைக் கண்டு பெரியவர்கள் ஏசுவதும் அதே காட்சிதான். தேகம் எதையோ கேட்டு அலைகிறது என்று எண்ணத் தோன்றாமல், கெட்ட பழக்கம் என்று இரு தேசத்தாரும் ஒருங்கே தீர்ப்பளித்தார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சீமாட்டிகளிடையே இரும்பு கலந்த ஊற்று நீரைப் பருகும் வழக்கம் பரவியது. 1606-இல் நார்த் பிரபு டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னுமிடத்தில் துருப்பிடித்த செந்நிறம் படிந்த ஊற்றொன்றைக் கண்டபின், இராணி ஹென்ரியட்டா மரியா முதலானோர் அங்கே சென்று தங்கி நீரருந்தினர். பெல்ஜியத்திலுள்ள ஸ்பா என்னும் ஊரும் இதனாலேயே புகழ் பெற்றது. செல்வர்களுக்குத் தண்ணீராகக் கிடைத்த இரும்பை ஏழைகளுக்கும் கிடைக்கக்கூடிய மருந்தாகத் தெளிவாக எழுதிவைத்தவர் தாமஸ் ஸிடன்ஹாம். இரும்பு அரத்தூளை ரைன் நாட்டு மதுவில் ஊறவைத்து, வடித்துப் பாகாக்கி, வெளுத்த பெண்களுக்குக் கொடுத்து, நாடி வலுப்பெறுவதையும் முகத்திற் செம்மை திரும்புவதையும் 1680-களின் தொடக்கத்தில் அவர் குறித்துவைத்தார். இரும்பு ஏன் வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. இரத்தத்தைச் சாம்பலாக்கினால் அதில் இரும்பு இருக்கிறதென்பதைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர்கள் காட்டியதும், பொலோஞா நகரத்து வின்சென்ஸோ மெங்கினி உலர்த்திச் சுட்ட இரத்தப் பொடி காந்தத்தில் ஒட்டிக்கொள்வதை 1740-களில் நிரூபித்ததும் பின்னால் நிகழ்ந்தவை.

இவ்வளவும் தெரிந்தபின் நோய் ஒழிந்திருக்க வேண்டுமல்லவா? ஒழியவில்லை. எந்த வைத்தியரும் எவ்வளவு இரும்பு என்ற கேள்வியைக் கேட்கவில்லை. அக்கேள்வியை முதலில் கேட்டவர், பிரான்ஸ் தேசத்தின் தெற்கே ரோன் நதிக்கரையிலுள்ள போக்கேர் என்னும் சிற்றூரின் வைத்தியராகிய பியேர் பிளோ என்று நான் நினைக்கிறேன். 1832-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் முப்பது நோயாளிகளின் குறிப்புகள் உள்ளன. அன்னபேதி உப்பையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சம பங்காகச் சேர்த்து உருண்டையாக்கி, முதலில் ஒன்றிரண்டாகத் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போய், வேறெந்த வைத்தியரும் துணியாத பேரளவை எட்டும்வரை அவர் கொடுத்தார்; சில வாரங்களில் நோயாளிகள் எழுந்து நடமாடினார்கள். மாக்டெபர்க் நகரத்தில் தாம் பெற்ற பெயருக்கெல்லாம் பிளோவின் மாத்திரைகளே காரணமென்று பிற்காலத்தில் நீமேயர் என்ற புகழ்பெற்ற ஜெர்மானியப் பேராசிரியர் மனந்திறந்து எழுதினார். மருந்தின் பெயரல்ல, அதன் அளவே பிளோவின் கண்டுபிடிப்பு. உலகம் எடுத்துக்கொண்டது பெயரை, விட்டுவிட்டது அளவை.

பிளோவின் மாத்திரை என்ற பெயரில் கடைதோறும் விற்ற உருண்டைகள் நாட்பட்டுக் கல்லாய் இறுகி, வயிற்றில் கரையாமலே வெளியேறிய கதை ஒருபுறமிருக்க, மருந்தின்மீது விழுந்த பேரிடி ஒரு பெரிய விஞ்ஞானியிடமிருந்தே வந்தது. குஸ்தாவ் ஃபான் புங்கே என்பவர் பேஸல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். ஆராய்ச்சித் திறனில் அக்காலத்தவர் எவருக்கும் குறைந்தவரல்லர். பாலில் இரும்பு மிகக் குறைவென்பதையும், பிறந்த குட்டிகள் தாய் வயிற்றிலிருந்தே ஈரலில் இரும்புச் சேமிப்போடு வருகின்றன என்பதையும் எடுத்துக்காட்டிய பெருமை அவருடையது. அவரே 1885-இல் முட்டையின் மஞ்சட்கருவை ஆராய்ந்து, தேகம் ஏற்கும் இரும்பு உணவிலே உயிர்ப்பொருளோடு பிணைந்து வரும் இரும்பு ஒன்றே என்றும், மருந்துக் கடை இரும்பு உப்புகள் குடலால் உறிஞ்சப்படுவதேயில்லை என்றும் கூறினார். அப்படியாயின் மருந்தினால் குணமானவர்களுக்கு என்ன விளக்கம் என்றால், குடலிலுள்ள கந்தக வாயுவை மருந்து தன்மேல் ஏற்றுக்கொண்டு, உணவின் இரும்பு கெடாமல் காக்கிறது என்று விடை சொன்னார். கேட்பதற்கு அழகான இந்தச் சித்தாந்தம் பல வைத்தியர்களை மயக்கியது. இரும்பு மருந்து வீண் என்று பேசுவோர் பெருகினர்.

இம்மயக்கத்தைத் தெளிவித்த முறை, தர்க்க சாஸ்திரத்துக்கே உதாரணமாக எடுத்துக்காட்டத் தக்கது. எடின்பரோவில் இருந்த ரால்ஃப் ஸ்டாக்மன் 1893-இல் மூன்று கேள்விகளைத் தம் நோயாளிகளின் இரத்தத்திடமே கேட்டார். குடலில் நடக்கும் வேலையினால்தான் குணம் வருகிறதென்றால், குடலைத் தொடாமல் தோலின் கீழ் ஊசியாக இரும்பைச் செலுத்தினால் குணம் வரக்கூடாது, வந்தது. கந்தகத்தை ஏற்றுக்கொள்வதுதான் மருந்தின் தொழில் என்றால், ஏற்கெனவே கந்தகம் நிறைந்த இரும்பு ஸல்ஃபைடைக் கொடுத்தால் குணம் வரக்கூடாது; அதுவும் வந்தது. அவ்வாறே கந்தகத்தை ஏற்கவல்ல பிஸ்மத்தும் மாங்கனீஸும் குணம் தரவேண்டும், தரவில்லை. இரும்பு உறிஞ்சப்படுகிறது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லாமல் போயிற்று. இத்தோடு நில்லாமல், இரண்டாண்டுகள் கழித்து, இந்நோய்வாய்ப்பட்ட பெண்கள் உண்ணும் ஆகாரத்தை நிறுத்தும் அளந்தும் பார்த்த ஸ்டாக்மன், ஆரோக்கியமானவர்களின் உணவைவிட அதில் இரும்பு வெகு சொற்பமென்று கண்டார். ரொட்டியும் தேநீரும் உண்டு, வளரும் பருவத்தில், மாதந்தோறும் இரத்தம் இழந்து, நாள் முழுதும் பிறர் வீட்டுப் படிகளை ஏறி இறங்கி உழைத்த வேலைக்காரச் சிறுமிகளுடைய நோய்க்கு, லாங்கே காலந்தொட்டுச் சொல்லிவந்த காதல் ஏக்கம் ஒரு காரணமே அன்று என்பது, முந்நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து அவ்வாறு எழுத்தில் ஏறியது.

குழந்தைகளின் முறை அதற்கும் பின்னர்தான் வந்தது. இலண்டனின் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்களின் கைக்குழந்தைகளை 1920-களின் இறுதியில் ஆராய்ந்த ஹெலன் மக்கே என்னும் பெண் வைத்தியர், பாலை மட்டும் நம்பி வளரும் குழந்தைகள் நாளடைவில் வெளுப்பதையும், சிறிதளவு இரும்பு சேர்த்தால் அவர்களுக்கு இரத்தம் ஊறுவதோடு பிற நோய்களும் குறைவதையும் காட்டினார்.

1930-களில் கணக்கு முழுமை பெறத் தொடங்கியது. பாஸ்டனில் ஹீத், ஸ்ட்ராஸ், காஸில் ஆகியோர் 1932-இல், ஊசி மூலம் செலுத்திய இரும்பின் அளவுக்கும் நோயாளியின் இரத்தத்திற் புதிதாகக் கூடிய ஹீமோகுளோபினிலுள்ள இரும்பின் அளவுக்கும் ஏறக்குறைய ஒப்புமை இருப்பதைக் கண்டார்கள்; உள்ளே போன இரும்பு வீணாகாமல் இரத்தமாகவே மாறுகிறது என்பது அதனால் தெளிவாயிற்று. 1937-இல் இங்கிலாந்தில் எல்ஸி விட்டோஸனும் மக்கான்ஸும், தேகம் தன்னிடம் மிகுந்த இரும்பை வெளியேற்றும் சக்தியற்றது, வாயிலில் நின்று உள்ளே விடுவதை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது என்று நிறுவினார்கள். அதே ஆண்டில் செக் நாட்டு லாஃப்பெர்கர், குதிரையின் மண்ணீரலிலிருந்து இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமாகிய ஃபெர்ரிட்டினைப் பிரித்தெடுத்தார். நம் வீடுகளில் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இரத்தம் ஊறும் என்று சொல்லிச் சுட்டுக் கொடுக்கும் ஆட்டுச் சுவரொட்டி அந்த மண்ணீரலேயாகும். நூல் படியாத பாட்டிமார்கள் எப்படியோ கண்டுகொண்ட இரும்புக் களஞ்சியத்தை ஆராய்ச்சிசாலையும் அதே உறுப்பிலிருந்து எடுத்தது என்பதை எண்ணும்போது, அவர்களுடைய அனுபவ ஞானத்தின்மீது என் மதிப்பு உயர்கிறது.

இரும்பு தேகத்தைவிட்டு எளிதில் வெளியேறாதென்றால், பெருங்குறைவு வருவது எதனால்? இரத்தம் போவதனால். மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் பெண்களின் பங்கு. ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றி உழைப்பாளிகளின் இரத்தத்தைக் குடித்தது கொக்கிப்புழு. மிலான் நகரில் டுபினி 1838-இலேயே பிரேதப் பரிசோதனையில் அதைக் கண்டிருந்தாலும், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோதார்ட் சுரங்கப்பாதை வெட்டிய தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வெளுத்து விழுந்தபோதுதான், டூரின் நகரத்துப் பெரோன்சிட்டோ 1880-இல் அதன் கொடுமையை உலகிற்கு உணர்த்தினார். கெய்ரோவில் ஆர்தர் லாஸ் என்ற அறிஞர், புழுக்குஞ்சுகள் மிதந்த நீர்த்துளி தம் கையிற் சிந்தி அரிப்பெடுத்ததைக் கவனித்து, அது தோலைத் துளைத்தே உட்புகுகிறது என்று கண்டறிந்தார். செருப்பில்லாத காலும் கக்கூசில்லாத குடியிருப்பும் இருந்தால் போதும். வேறு தீவினை வேண்டியதில்லை.

அவ்விரண்டும் ஒருங்கே அமைந்த இடம் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்டு, லயங்களில் நெருக்கி வைக்கப்பட்டு, ஈர மண்ணில் வெறுங்காலோடு கொழுந்து பறித்த நம் மக்களிடையே இப்புழு இல்லாதவரைக் காண்பது அரிதாயிருந்தது. அவர்களுடைய தளர்ச்சியைத் துரைமார்கள் சோம்பல் என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தின் வைத்தியர்கள் 1916-இல் அத்தோட்டங்களில் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, தைமாலையும் கீனோபோடியம் எண்ணெயையும் கொடுத்துப் புழுக்களை வெளியேற்றினார்கள். ஆயினும் மருந்துண்டவர் திரும்ப அதே மண்ணை மிதித்தபோது மறுபடி புழு ஏறியது. கக்கூஸ் கட்டுவதற்குச் செலவழிக்கத் தோட்ட முதலாளிகள் காட்டிய தயக்கம் அவ்வியக்கத்தின் பயனைப் பெரிதும் குறைத்துவிட்டது. நம் நாட்டில் மிகுதியாகக் காணும் வகைப் புழு ஒன்று நாளைக்கு ஒரு மில்லிலிட்டரில் நூற்றில் மூன்று பங்கு இரத்தமே உறிஞ்சும்; ஐந்நூறு புழுக்கள் குடியிருந்தால் 15 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டர் நல்ல இரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறதென்பதால், அவ்வாறு போகும் இரும்பில் ஒரு பங்கு குடலிலேயே மீளவும் உறிஞ்சப்பட்டாலும், சோறும் குழம்பும் உண்ணும் ஒரு பெண்ணின் தேகத்திற்கு ஒரு நாளில் சேரும் ஒன்றிரண்டு மில்லிகிராம் இரும்பு அதனை ஈடுசெய்ய முடியாது. அந்த மலைகளிற் பிரசவத்தில் மாண்ட தாய்மார்களின் மரணத்திற் பெரும்பங்கு இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சோகையெல்லாம் இரும்புச் சோகையன்று என்பதைக் காட்டிய ஆராய்ச்சியும் நம் மண்ணிலேயே நிகழ்ந்தது. லூஸி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் வைத்தியர், இந்தியாவில் பெண்களுக்கான வைத்தியத் தொண்டில் ஈடுபட்டிருந்த மார்கரெட் பால்ஃபர் அம்மையாரின் தூண்டுதலால் 1928-இல் பம்பாய் வந்து, ஹாஃப்கின் நிலையத்திலிருந்து ஆலைத் தொழிலாளிக் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கலானார். பின்னர் மக்காரிஸன் தலைமையில் உணவு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணியாற்றினார். அக்கர்ப்பிணிகளுட் பலருக்கு இரத்த அணுக்கள் சிறுத்து வெளிறாமல் பருத்திருந்தன. அவ்வகைச் சோகை இரும்பினால் தீரவில்லை. மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்தபோது தீர்ந்தது. அவர் கண்ட அந்தப் பெயரறியாச் சத்து ஃபோலிக் அமிலம் என்று 1940-களில் அடையாளங் காணப்பட்டது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பதற்கு வித்திட்ட அந்த ஆராய்ச்சியில், பம்பாயிலும் சென்னையிலும் இரத்தம் கொடுத்த பெயரறியாத் தாய்மார்களுக்கும் பங்குண்டு.

அந்த இரட்டை மருந்தை நாடெங்கும் வழங்கும் திட்டத்தை இந்திய அரசாங்கம் 1970-இல் தொடங்கியது. 60 மில்லிகிராம் இரும்பும் அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கிய மாத்திரை, கர்ப்ப காலத்தில் நூறு நாட்கள். அது போதாதென்று கண்டு இரும்பின் அளவு பின்னர் 100 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. பள்ளி மாணவ மாணவியருக்கு வாரம் ஒரு மாத்திரை என்னும் திட்டம் 2013-இல் வந்தது. இத்தனைக்குப் பின்னும் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். இவ்வெண்ணிக்கையில் இரும்பல்லாத காரணங்களும் கலந்திருக்கின்றன என்பது உண்மை. ஆயினும் கொடுத்த மாத்திரைகளிற் பெரும்பங்கு அலமாரியிலும் முறத்திலும் தங்கிவிடுவதை யாரும் மறைப்பதற்கில்லை. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று பெண்கள் சொல்லும் காரணங்களில் முன்னிரண்டும் மெய். மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பினால் நேர்வது, அதனால் கேடில்லை. பின்னிரண்டும் வீண் அச்சம். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசி இதை விளக்குவோர் இருக்கும் ஊர்களில் மாத்திரைகள் உண்ணப்படுகின்றன.

ஆகாரத்தின் கதையும் இதே கணக்கில் சிக்கியதுதான். எந்தப் பொருளில் எவ்வளவு இரும்பு என்ற அட்டவணையைக் குன்னூரில் அய்க்ராய்ட் முதலானோர் 1930-களில் தொகுத்தளித்தது பெரும் உபகாரம். ஆனால் தட்டில் இருப்பதெல்லாம் தேகத்திற் சேர்வதில்லை. மீன், ஆட்டிறைச்சி, ஈரல் இவற்றிலுள்ள இரும்பில் நாலிலொரு பங்குவரை சேரும். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோதான். முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் நல்லவையே, ஆனால் அவற்றை மட்டும் தின்று ஆழ்ந்த சோகையைத் தீர்த்துவிடலாம் என்னும் நம்பிக்கையினால் வைத்தியத்தைத் தள்ளிப்போடுவோரைக் காணும்போது மனம் வருந்துகிறது. தீட்டிய அரிசி நம் தட்டில் கம்பையும் கேழ்வரகையும் தள்ளிவிட்டு ஏறியமர்ந்ததும், புளிக்குழம்பு கொதித்த இரும்புச்சட்டியின் இடத்தை அலுமினியமும் எவர்சில்வரும் பிடித்துக்கொண்டதும், கேளாமலே கிடைத்துவந்த இரும்பை நம்மிடமிருந்து எடுத்துவிட்டன. கூழாகப் புளிக்கவைத்த கம்பும் முளைகட்டிய பயறும் தானியத்திலுள்ள தடையைத் தளர்த்தி இரும்பை விடுவிக்கின்றன. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றின் புளிப்புச்சத்து அதனைக் குடலுக்குள் அழைத்துச் செல்கிறது. தேநீரோ கதவை அடைக்கிறது. 1975-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, சோற்றோடும் ரொட்டியோடும் தேநீர் அருந்தினால் இரும்பு சேர்வது வெகுவாகக் குறைகிறது என்று நிறுவியது. அதற்கு உடன்பட்டவர்கள், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை அடுத்து வாழ்ந்த, நம் நாட்டிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்தவர்களின் வழிவந்த இந்தியப் பெண்கள். மலையகத்தில் கொழுந்து பறித்தவளின் இரத்தத்தைப் புழு குடித்தது. அக்கொழுந்தின் சாறு இன்னோரிடத்து அவள் உறவினளின் உணவிலிருந்த இரும்பைத் தடுத்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்துவது என்ற சிறு மாற்றம் ஒன்றே போதிய நன்மை செய்யும்.

அளவு பற்றிய கேள்வி இன்னும் ஓயவில்லை. ஈரலிற் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள் குடலின் வாயிலைத் திறந்து மூடுகிறது என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டார்கள். ஒரு மாத்திரை உண்டவுடன் அது உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் அடுத்த இரும்பைக் குறைவாகவே உள்ளே விடுகிறது என்று ஸூரிக் நகர ஆராய்ச்சியாளர்கள் 2015 முதல் காட்டியதால், இலேசான குறைவுள்ள பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை கொடுக்கும் வைத்தியர்கள் பெருகிவருகிறார்கள். வயிற்றுப் புரட்டலும் அதனாற் குறைகிறது. கர்ப்பிணிக்கும் கடுஞ்சோகைக்கும் முறை வேறு. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே. பிரசவம் நெருங்கிய நிலையில் ஹீமோகுளோபின் மிகத் தாழ்ந்திருப்பவர்களுக்கு அயர்ன் சுக்ரோஸை நரம்பூசியாக ஏற்றுவது இப்போது நம் அரசாங்க மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. மாத்திரைகளை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மிட்டாயென்று எண்ணிப் பிடியளவு விழுங்கிய குழந்தைகள் இரும்பு நஞ்சினால் உயிரிழந்திருக்கின்றன.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு விடையைக் கணக்காகவே தருகிறேன். நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 கிராமாகத் தாழ்ந்த ஒரு பெண்ணின் தேகத்தில் நான்கு லிட்டர் இரத்தம் இருப்பதாகக் கொள்வோம். அதை 12 கிராமாக உயர்த்த 200 கிராம் ஹீமோகுளோபின் புதிதாக உண்டாக வேண்டும். ஒரு கிராமுக்கு 3.4 மில்லிகிராம் வீதம் அதற்கு 680 மில்லிகிராம் இரும்பு தேவை. நாள்தோறும் 100 மில்லிகிராம் மாத்திரை உண்டு அதிற் பத்திலொரு பங்கு சேர்ந்தால், இரத்தம் சரியாவதற்கே இரண்டு மாதத்திற்கு மேலாகிறது. ஆனால் முதல் மாதத்திலேயே மூச்சு வாங்குவது நின்று, கை கால் ஓய்ச்சல் தெளிந்து, சுகமாகிவிட்டது என்று அவள் நினைத்து நிறுத்திவிடுகிறாள். அன்றாடச் சமையலுக்கு நெல் கிடைத்ததும் குதிரை நிரப்பாமல் விட்ட குடும்பத்தின் நிலைதான் அது. அடுத்த மாதவிலக்கோ அடுத்த பிரசவமோ வந்தவுடன் பழைய வெளுப்பு திரும்புகிறது. ஈரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் முந்நூறு முதல் ஐந்நூறு மில்லிகிராம் வரை சேமிப்பு நிறைய வேண்டுமானால், இரத்தம் சரியென்று பரிசோதனை சொன்ன பின்னரும் இரண்டு மூன்று மாதங்கள் அதே மாத்திரையை, இரவில் சாப்பிட்டபின் எலுமிச்சைச் சாற்றோடு, பாலும் தேநீரும் விலக்கி, அவள் தொடர்ந்து உண்டாக வேண்டும்.